எண்பத்தைந்து டிகிரி கண்டென்சர்

வளைகுடா நாட்டில், குதைபியா என்ற இடத்தில் ஒரு ரிப்பேர் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். டிவியோ, படகு வயர்லெஸ்ஸோ, எது வந்தாலும் பெரும்பாலும் கோளாறு கண்டென்சரில்தான் இருக்கும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தலை உப்பியிருந்தால் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும். எண்பத்தைந்து டிகிரி சூடு தாங்குவது, நூற்றைந்து தாங்குவது என்று இரண்டு வகை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உறையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த ஊர்ச் சூட்டில் நூற்றைந்துதான் நின்று உழைக்கும்.

ஓர் ஆகஸ்ட் மதியம் கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர் ஒருவர், மனைவியின் தம்பியோடு வயர்லெஸ் செட்டைக் கொண்டுவந்தார். இருவருக்கும் ஒரே படகில் வேலை.

"அண்ணாச்சி, நாளைக்கு கடலுக்குப் போணும். நல்ல சாமானமா பாத்துப் போடும்" என்றார்.

நூற்றைந்து தீர்ந்திருந்தது. பத்து நிமிடம் நடந்தால் இன்னொரு கடை. வெயிலைப் பார்த்தேன். டிராயரில் கிடந்த எண்பத்தைந்தைப் போட்டேன். செட் பேசியது.

இரண்டு மாதம் கழித்து நடுக்கடலில் படகு எஞ்சின் நின்றுவிட்டது. உதவிக்குக் கூப்பிட வயர்லெஸ்ஸைப் போட்டால், அதுவும் செத்துக் கிடந்தது. ஒன்றரை நாள் அலைந்தபின் வேறொரு படகு அவர்களைக் கண்டு இழுத்து வந்தது. உதடு வெடித்த முகங்களோடு இருவரும் கடைக்கு வந்தார்கள். திறந்து பார்த்தேன். நான் போட்டதுதான் உப்பியிருந்தது.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "செட்ட எஞ்சின் பக்கமா வெச்சிருந்தீங்களா? சூடு அடிச்சிருக்கு" என்றேன்.

மீனவர் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். "நீதானல அங்க மாத்தி வெச்ச? நம்ம உயிரு போயிருக்குமே!"

அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றே போய் நூற்றைந்து வாங்கி வந்து மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் அவர் தனியாக ஒரு சார்ஜரோடு வந்தார். மச்சினனைப் பற்றிக் கேட்டேன்.

"விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. அந்த வயர்லெஸ் சண்டையில போனதுதான். பேச்சுவார்த்தை கெடையாது. எம் பொண்டாட்டிக்கும் சங்கடம்."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சின் பக்கம் வைத்திருந்தாலும் நல்ல கண்டென்சர் தாங்கியிருக்கும் என்பதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி."

பிறகு செல்லை எடுத்து, மச்சினன் நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். "நீரே சொல்லும்."

காதில் வைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. வாங்கி மறுபடி போட்டார். இந்த முறை இரண்டே மணியில் அந்தப் பக்கம் துண்டித்துவிட்டார்கள். அவர் செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சார்ஜரைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.