மூன்று பட்டைக் கோப்பைகள்

1955ஆம் ஆண்டு தை மாதக் குளிரில் பேச்சியம்மாவை முதன்முதலாகக் கண்டேன். வட்டகொடை ரயில் நிலையத்துக்கு மேலேயுள்ள சரிவில் அலோசியஸ் என்பவர் சிறிய பீங்கான் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான், விடுமுறை நாள்களில் அங்கே சென்று கோப்பைகளின் விளிம்புக்கு வண்ணக்கோடு இட்டுவந்தேன். பேச்சியம்மா அங்கே மண் குழைப்பவர். வெண்களிமண்ணைச் சலித்து, காற்றுக் குமிழ் தங்காமல் பிசைந்து கொடுப்பார். அதற்கு முன்னர் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்.

சன்னலோரம் நீண்ட பெஞ்சு ஒன்று கிடந்தது. வண்ணம் தீட்டுபவர்கள் மட்டுமே அதில் அமரலாம் என்பது பட்டறையின் வழக்கம். பேச்சியம்மா கையைக் கழுவிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பார். ஒரு நாள், தமக்கும் அந்தப் பெஞ்சில் ஓர் இடம் வேண்டுமென்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"கொழுந்து கிள்ளுன விரலுக்கு பிரஷ் கேக்குதாக்கும்," என்றார் எங்களுள் மூத்தவரான அழகம்மா.

"கிள்ளத் தெரிஞ்ச விரலு தீட்டவும் பழகிக்கும் அக்கா. கொஞ்சம் நகந்து உக்காருங்களேன்."

அழகம்மா நகரவில்லை.

சித்திரையில் நுவரெலியாவில் கூடும் கண்காட்சிக்காக, அந்தப் பங்குனியில் சின்னஞ்சிறு கோப்பைகளைக் கையாலேயே வனைந்தோம். சூட்டில் கண்ணாடிபோல் உருகும் மேற்பூச்சில் தோய்த்துக் காயவைத்த கோப்பைகளைச் சூளைக்குள் அடுக்கும் பொறுப்பு பேச்சியம்மாவுடையது. வெண்மையாக வெந்து வந்த பிறகு, நாங்கள் பூ வரைந்து, மிதமான சூட்டில் இன்னொரு முறை சுடுவது முறை.

சூளையைத் திறந்தோம். ஒவ்வொரு கோப்பையிலும் குறுக்காக மூன்று பட்டைகள் வெளிர்பச்சையாக உருகிப் படிந்திருந்தன.

"யாரு பார்த்த வேலை இது?" என்றார் அலோசியஸ்.

"நான்தாங்க ஐயா. புதுச் சட்டி நெருப்புல ஏறுறப்போ திருநீறு பூசாம எப்படிங்க? லயத்து வீட்டுல பொங்கப் பானைக்கும் பூசித்தானே ஏத்துறோம்."

பொங்கற் பானையில் அந்தச் சாம்பல் கழுவினால் போய்விடும். சூளையின் வெம்மையிலோ அது மேற்பூச்சோடு கலந்து பீங்கானாகவே ஆகிவிட்டிருந்தது.

"ஐயா மாதா கோவிலுக்குப் போற கிறிஸ்தவரு. அவரு கோப்பைக்கு இவ பட்டை போட்டு வச்சிருக்கா," என்றார் அழகம்மா. சிரிக்கப்போன நான் அலோசியஸின் முகத்தைப் பார்த்து அடங்கினேன். மீண்டும் வனைந்து சுட நாளில்லை.

"நீ திரும்ப மலைக்கே போயிரு பேச்சியம்மா," என்றார் அவர்.

"போறேங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு கோப்பையும் பிரஷும் குடுங்க. கெட்டுப்போனதுதானே, இன்னும் என்ன கெட்டுறப்போகுது?"

கொடுத்ததை வாங்கிக்கொண்டு, பெஞ்சுக்கு வராமல் தரையிலேயே அமர்ந்தார். மூன்று பட்டைகளின்மேலும் கரும்பச்சைப் புள்ளிகளை நெருக்கமாக வைத்தார். பட்டைகள் மலைச்சரிவில் ஓடும் தேயிலை நிரைகளாயின. நடு நிரையில், கூடை சுமந்த ஒரு பெண்ணை நகமளவுக்கு வரைந்தார். அவள் தலைத்துண்டுக்குச் சிவப்பு இட்டார். காலமெல்லாம் நின்ற நிரையல்லவா? கை தயங்கவேயில்லை.

அலோசியஸ் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எஞ்சிய கோப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார்.

அழகம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "மண்ணுக் கையை உன் சேலையில துடைச்சுக்கடி. என் சேலையில வேணாம்."

கண்காட்சியின் முதல் நாள் பிற்பகலுக்குள் ஒரு கோப்பைகூட மிஞ்சவில்லை. பூப்போட்ட தட்டங்களைப் பார்த்தவர்களும் நிரை போட்ட கோப்பை எங்கே என்றுதான் கேட்டார்கள். மறு ஆண்டிலிருந்து அதுவே எங்கள் பட்டறையின் அடையாளமாயிற்று. ஞாயிறு தவறாமல் பூசை காணும் அலோசியஸ், "பட்டை போட்டாச்சா பேச்சியம்மா?" என்று கேட்காமல் சூளையை மூடியதில்லை.

பேச்சியம்மா அந்தப் பெஞ்சில் எட்டாண்டுகளுக்கு மேல் அமர்ந்தார். 1963ஆம் ஆண்டு இறுதியில், அவரும் கணவர் சோலைமலையும் மஸ்கெலியாவில் சொந்தமாகவே ஒரு சூளை கட்டினர். விடைபெற வந்த அன்று, வண்ணமோ தூரிகையோ விரும்பியதை எடுத்துக்கொள்ளுமாறு அலோசியஸ் சொன்னார். அழகம்மாவும் நானும் வழக்கம்போல் சன்னலோரம் அமர்ந்திருந்தோம். பேச்சியம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எங்கள்முன் வந்து நின்றார். அந்தப் பட்டறையில் அவர் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"அக்கா, டீச்சரு, ரெண்டு பேரும் கொஞ்சம் எந்திரிங்க. எனக்கு இந்த பெஞ்சு வேணும்."