தாழிட்ட வகுப்பறையில் என் மகள்

பிரெஞ்சு ஆசிரியர்கள் கப்பலேறிய பிறகு எங்கள் ஊர்ப் பள்ளியில் இரண்டு வகுப்புகளுக்கு ஒரே வாத்தியார். ஒருநாள் மாலை என் மகள் ரோஸி வீடு திரும்பவில்லை. கடற்கரையெல்லாம் தேடினேன். அலையைப் பார்க்கவே பயமாக இருந்தது. பள்ளிக்கு ஓடினேன்.

“மதியம் ரெண்டு கிளாசையும் ஒரே ரூம்ல உக்கார வச்சேம்மா. காலி ரூம தாழ் போட்டுட்டேன். யார் இருக்கா, யார் இல்லன்னு பாக்கல,” என்றார் வாத்தியார்.

“ரோஸி,” என்று கத்தினேன்.

தாழிட்ட அறைக்குள்ளிருந்து, வருகைப் பதிவுக்குப் பிரெஞ்சில் ‘உள்ளேன்’ என்று சொல்வதைப் போலவே, “பிரெசாந்த்” என்று தூக்கக் கலக்கத்தில் பதில் வந்தது. பெஞ்சுக்கடியில் தூங்கிப்போயிருக்கிறாள்.

ரோஸியின் வகுப்புக்குப் புது வாத்தியார் இன்னும் வரவில்லை. அதனால் தினமும் அந்த வகுப்பில் நான் உட்கார்கிறேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புமுன் மறுபடியும் பெயர் கூப்பிடுகிறேன். ரோஸியின் பதில் சற்றுத் தாமதித்தாலும் எனக்குக் கடல் இரைச்சல் கேட்கிறது.