மருந்து குறைத்த தோட்டாக்கள்

அமெரிக்காவில் இர்விங்குக்கு வந்து இரண்டு வருஷமாகியும் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. அதனால், வீட்டிலேயே தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுத்துப் போட அவர் ஒரு சின்னத் தராசு வாங்கி வந்த அன்று, அதைப் பிடுங்காத குறைதான்.

ஆபீஸ் நண்பர்களிடமிருந்து தொற்றிய பைத்தியம் அவருக்கு. மேஜைமேல் மணல் மூட்டை, அதன்மேல் ரைஃபிள், நூறு கஜத்தில் ஒரு காகிதம். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் துளைக்கவேண்டும். அவருடையவை ஆளுக்கொரு பக்கம் போயின.

"மருந்தைக் கொஞ்சம் கொறச்சுப் பாருங்களேன்."

"கொறச்சா ஃபோர்ஸ் போயிடும். உனக்கு இதெல்லாம் தெரியாது, விடு."

தெரியாதாமே! எனக்குச் சுருக்கென்றது. தராசோடு வந்த புத்தகம் சொன்ன அளவுகளுக்குள்ளேயே குறைவாகவும் முழுசாகவும் நிறுத்து, தோட்டாக்களை இரண்டு டப்பாக்களில் போட்டேன். எதில் எவ்வளவு என்று என் நோட்டில் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை, அவர் சுடப்போகும் ரேஞ்சில் நீட்டினேன். "எதுல எவ்ளோன்னு கேக்காதீங்க, சுடுங்க."

முழு மருந்து வழக்கம்போலச் சிதறியது. குறைந்த மருந்தின் ஐந்து ஓட்டைகளையும் ஒரு காசால் மூடிவிடலாம். நோட்டைக் காட்டியதும் மனிதர் துள்ளினார். "நீ சொன்னதுதான் கரெக்ட்! அடுத்த வார ஷூட்டிங் மேட்ச்சுக்கு இதான்."

எனக்கு மனசு ஆறவில்லை. சரியானது மருந்தா, அவரா? காலேஜ் லேபில் இரண்டு பேர் ரீடிங் ஒத்துப்போகாமல் ரெக்கார்டில் ஏற்றமாட்டோம்.

"நான் ஒரு தடவ உக்காரட்டுமா?"

மேஜைமுன் உட்கார்ந்து சுட்டேன். முழு மருந்தில் ஐந்து, குறைந்ததில் ஐந்து. அவர் பைனாகுலரை இறக்கவே இல்லை. இரண்டு காகிதத்திலும் ஓட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

"அப்ப மருந்து இல்ல," என்றார் மெதுவாக. "மொத குண்டோட பெரிய சத்தத்துக்குப் பயந்து, அடுத்ததுக்கு நான்தான் முன்னாடியே தோள இழுத்துக்கறேன்."

முகம் தொங்கிவிட்டது. பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்? நோட்டை மூடப்போனேன்.

"மூடாத, எழுது," என்றவர் எழுந்துபோய் மேட்ச்சுக்கான ஃபாரத்தோடு வந்தார். "நீயே சுடு."

அந்த ஊரில் நான் நிரப்பிய ஃபாரங்களிலெல்லாம் யாருடைய மனைவி என்று ஒரு கட்டம் இருக்கும். இதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன தேடற?"

"ஒண்ணுமில்ல," என்று என் பேரை எழுதினேன்.