ஒரே குரல், இரண்டு முகங்கள்: ஆல்பனியில் ஒரு சனிக்கிழமை

1997 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நான் குடியிருந்த த்ரீ கிங்ஸிலிருந்து, வடகோடியிலுள்ள ஆல்பனிக்குப் போனேன். என் தவறைச் சுட்டிக்காட்டி வந்த ஒரு போன்தான் காரணம்.

சிங்கப்பூரிலிருந்து வந்து மூன்று வருடமாகியிருந்தது. ஞாயிறுதோறும் ஒரு சமூக வானொலியில் அரை மணி நேரம் தமிழ்ப் பாட்டு போடுவேன். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் எனக்குப் பிடித்த பழைய ப்ளூஸ்: 1920களில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் இசைத்தட்டுகளில் பாடியவை. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் சிவா அண்ணனுக்கு அது ஒத்துவரவே இல்லை.

அந்த வாரம் ஒரு பாடகியைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். என் கேசட் அட்டையில் அவள் படம் இருந்தது: ஒல்லி, உயரம், சோகமான கண்கள். அவள் சினிமாவில் தோன்றியதே இல்லை என்று அடித்துச் சொன்னேன். நிகழ்ச்சி முடிந்ததும் போன். ரெஜினா என்ற இலங்கை மன்னார்க்காரப் பெண். வீடு ஆல்பனியில். ஈஸ்ட் டாமாக்கி தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பழுதுபார்ப்பவர். பழைய படச்சுருள்கள் சேர்ப்பவர்.

"தம்பி, நீங்கள் சொன்னது பிழை. அவ படத்தில பாடியிருக்கிறா. ரீல் என்னட்ட இருக்கு, வந்து பாருங்கோ."

சிவா அண்ணன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "தப்பா பேசுறதுக்கா அஞ்சு நிமிஷம்? அடுத்த வாரம் திருத்தம் சொல்லிட்டு நிறுத்திக்கோ."

காலை 9.10க்கு பஸ். நகர மையத்துக்கு ஏழு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். அங்கே நாற்பது நிமிடக் காத்திருப்பு. அடுத்த பஸ் துறைமுகப் பாலத்தைத் தாண்டி வடக்கே போனது. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து ஏழு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. "கேம்பஸா, வில்லேஜா?" என்று டிரைவர் கேட்டார். ஆல்பனியின் பல்கலைக்கழக வளாகமும் பழைய ஊர் மையமும் ஒரே இடம் என்று நினைத்து கேம்பஸ் என்றேன். இறங்கிய பிறகு வில்லேஜில் இருந்த அவர் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன், தூறலில்.

ரெஜினா அக்கா திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, இஸ்திரி மேசையில் புரொஜெக்டரை வைத்திருந்தார். ஏழு நிமிடக் குறும்படம். மதுக்கடை மாதிரி ஒரு செட். குட்டையாக, பருமனாக ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து பாடினாள். குரல் சந்தேகமில்லாமல் என் கேசட் குரல்தான். முகம் வேறு.

"அக்கா, இது அவங்க இல்ல."

"படத்தில பேர் போட்டிருக்குதுதானே?"

"கேசட்லயும் அதே பேர்தான் இருக்கு."

இரண்டாம் முறை பார்த்தோம். மூன்றாம் முறை ஓரிடத்தில் அவள் வாய் மூடியிருக்க, குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"ரீல் அறுந்து ஒட்டின இடமாயிருக்கும்" என்றார் அக்கா. பிறகு அவரே, "இல்லாட்டி வேற ஆரோ பாடியிருக்கலாம். அந்தக் காலத்தில இசைத்தட்டுக் கொம்பனிக்காரர் ஒரே ஆளின்ர தட்டை மூண்டு பேரில விப்பினமாம்" என்றார்.

அட்டைப் படம் பொய்யா, சினிமா பொய்யா, பெயரே பொய்யா? அக்கா எழுந்து விளக்கைப் போட்டார்.

"பத்து வருசமா இவதான் எண்டு நம்பினனான் தம்பி. இப்ப எனக்கும் குழம்பிப் போச்சு."

அவர் நம்பிக்கையை நான் கெடுத்துவிட்டேனோ என்று சங்கடமாக இருந்தது. "நாளைக்கு ரேடியோவுக்கு வாங்கக்கா, தெரியலன்னு சேர்ந்தே சொல்லிடுவோம்" என்றேன்.

"ஓம், வாறன்."

ஞாயிறன்று சொன்னபடி வந்தார். "போன வாரம் சொன்னது தவறு, சரி எதுவென்று எனக்குத் தெரியவில்லை" என்று ஆரம்பித்தேன். வாய் மூடிய அந்த இடத்தைப் பற்றி ஒலிவாங்கியின் முன்னாலேயே நானும் அக்காவும் சண்டை போட்டோம். ஐந்து நிமிடம் பன்னிரண்டானது. மூன்று பேர் போன் செய்து ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். சிவா அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. வெளியே வந்ததும், "அடுத்த வாரத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவீங்களா?" என்றார்.

கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் நிலைத்தது.

இப்படிப் பழைய படம் தேடிப் போகிறவர்களுக்கு: இறங்குமிடத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள். பாட்டை முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அட்டைப் படத்தை நம்பாதீர்கள். ரெஜினா அக்கா வீட்டுக்கு யாராவது போனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மூன்று தடவை ஓட்டிக் காட்டி, "இவ ஆர்?" என்பார், பதில் வராமல் விடமாட்டார். நான் இதுவரை நான்கு தடவை பதிலை மாற்றிவிட்டேன்.