ஒரு ஜோடி ஸ்பீக்கரும் ஏழு சனிக்கிழமைகளும்

அந்த வீட்டில் அவளால் அவருக்குத் தெரியாமல் ஓய்வெடுக்கக்கூட முடியாது. தையல் இயந்திரம் நின்றால் போதும், "என்ன, நூல் அறுந்துடுச்சா?" என்று அடுத்த அறையிலிருந்து கணவரின் குரல் வரும். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வடம் உரசும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். மூன்று வருடங்களுக்கு முன் லிஃப்ட் குழிக்குள் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவர் கட்டிலில் அடைபட்டார். அவள் அவருடைய காதுக்குள்.

பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வேண்டும் என்று அவர் சொன்னபோது ஒரு வழி பிறந்தது. கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்து வர அவளைவிட்டால் ஆளில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் மூன்று மணியிலிருந்து ஐந்துவரை அண்ணனைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் ஒப்புக்கொண்டாள். ஸ்பீக்கர் வாங்கும்வரை மட்டும்.

கணவர் பாடம் நடத்தி அனுப்பினார். "பெட்டிக்குள்ள ரெண்டு இருக்கும். கீழ்ச் சத்தத்துக்குப் பெரிய வூஃபர், மேல் சத்தத்துக்குச் சின்ன ட்வீட்டர். ஒரு குரல் மேல ஏறும்போது இதுலேருந்து அதுக்குக் கை மாறும். அந்த இடம் தெரியக் கூடாது. நீ காலர் வச்சுத் தைக்கிறியே, அந்த மாதிரி. பின்னாடி ஓட்டை வச்ச பெட்டி வேணாம். நம்ம அலமாரி சுவரோட ஒட்டியிருக்கு, சத்தம் கும்மும்."

கடையின் பின்னறையில் ஒரே ஒரு நாற்காலி. கதவைச் சாத்தினால் தெரு இல்லை. முதல் சனிக்கிழமையே, மூடிய மரப்பெட்டி ஜோடி ஒன்றில் பாடகியின் குரல் ஏறியது. கை மாறிய இடத்தில் தையல் தெரியவில்லை. இதுதான் என்று கால்மணி நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "ஒரு மரப்பெட்டி ஜோடி இருந்துச்சு, கொஞ்சம் கீச்சுங்குதுங்க" என்றாள்.

அடுத்த வாரம் வேறொன்று "தொண்டை கட்டின மாதிரி" இருந்தது. ஒவ்வொரு முறையும் புதியதைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, பழைய மரப்பெட்டிகளையே போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆறாம் வாரம் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணனையே நீங்க பத்து நிமிஷம்தான் பாத்தீங்க, சரின்னுட்டீங்க. ரெண்டு பொட்டிக்கு ஆறு வாரமா அண்ணி?"

"அப்ப அவசரப்பட்டுட்டேன்ல, அதான்."

கட்டிலிலிருந்து சிரிப்பு வந்தது. நாத்தனாருக்கு வரவில்லை. "அடுத்த வாரத்தோட சரி. எனக்கும் வீடு வாசல் இருக்கு."

முடிவெடுக்காமல் இருப்பதும் ஒருவகைச் சுதந்திரம்தான். ஆனால் அதற்கு வாரம் ஒரு பொய் தேவைப்பட்டது.

ஏழாவது சனிக்கிழமை கடைக்காரர் மரப்பெட்டிகளை அட்டையில் கட்டியே வைத்திருந்தார். "எதைக் கேட்டாலும் கடைசில இதுலதான் வந்து நிக்கிறீங்க, மேடம். எனக்கே தெரிஞ்சுபோச்சு." அவள் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

பெட்டிகள் அலமாரியில் ஏறி, தலையணையைப் பார்த்துத் திரும்பி நின்றன. குரல் சரியாகச் சேரும் இடம் அந்தத் தலையணை மட்டும்தான். சுவரைத் தாண்டித் தையல் இயந்திரம்வரை வந்தது வெறும் அடித்தாளம்.

ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டார். "இதுவா கீச்சுங்குதுன்னே?"

இயந்திரம் நின்றது. நூல் அறுந்ததா என்று அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டார். "இடது பக்க ட்வீட்டர்ல ஏதோ லேசா உரசுது, பாரு."

காதை ஒட்ட வைத்துக் கேட்டாள். குரல் கண்ணாடியாய் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. லேசா."

"சனிக்கிழமை கொண்டுபோய்க் காட்டு. தங்கச்சிகிட்ட நான் பேசிக்கிறேன். அவசரமில்ல, உக்காந்து நிதானமா பாக்கச் சொல்லு."

"வலது பக்கம்?"

"அது அடுத்த மாசம் கெட்டுப்போகும்."

அவள் எழுந்துபோய் இயந்திரத்தை மிதித்தாள். நாற்பது சட்டைகளுக்குக் காலர் பாக்கி. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.