செருப்பு வாரும் நைலான் வளையமும்

ஒரு கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லித் தொலைத்ததால்தான் நான் பிளாஸ்டிக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, நானும் என் கணவரும் கோலி சோடா போட்டு விற்றோம். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனதால் அவர் தறியை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தார். மிஷினைக் கழற்றிப் பார்க்கும் ஆசையில் நான் வந்தேன். சோடாவில் ஏற்றும் காஸ் மெட்ராசிலிருந்து இரும்பு சிலிண்டரில் வரும். அதை அப்படியே விட்டால் பாட்டில் வெடித்துவிடும். அதனால் சிலிண்டர் வாயில் பித்தளை ரெகுலேட்டர் ஒன்றைப் பூட்டி வேகத்தைக் குறைப்போம். இரண்டும் சேரும் இடத்தில் மோதிரம் அளவுக்கு ஒரு வாஷர் உட்கார்ந்திருக்கும். அது சரியில்லை என்றால் விடிவதற்குள் சிலிண்டர் காலி.

தினமும் மாலையில் ஒருவர் சோடா குடிக்க வருவார். கல்யாண வீடுகளில் சமைக்கிற வைணவர். ஊருக்கே சமைத்துப் போட்டாலும் தன் வயிற்றில் எதுவும் தங்காது, எப்போதும் உப்புசம். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர், எங்கள் சோடாவை மட்டும் குடித்தார். அவர் குடிப்பதைப் பார்த்துத்தான் அவர் தெருவே எங்களிடம் வாங்கியது. ஒரு நாள் ரெகுலேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இதுக்குள்ள தோல் கீல் ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல சாமி."

அவர் நிம்மதியாகக் குடித்துவிட்டுப் போனார். உள்ளே இருந்தது தோல்தான். அதுவும் என் கணவருடைய பழைய செருப்பு வாரில் வெட்டியது. புதுத் தோலாக இருந்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"காத்து மட்டும்தானேமா அது வழியா போவுது? தண்ணி எங்க படுது?" என்றார் கணவர்.

"அப்படின்னா நீயே போய் அவராண்ட சொல்லு."

அவர் எழுந்து பாட்டில் கழுவப் போய்விட்டார்.

எனக்குக் கோபமும் வந்தது. கூட்டுக்குள் இருக்கும் புழுவை வேகவைத்து எடுக்கிற பட்டு இந்த ஊரில் மடி. மிருதங்கத்தில் தோல் இருந்தால் குற்றமில்லை. சோடாவுக்கு மட்டும் ஆகாதா? அடுப்படியில் பாத்திரத்தோடு சண்டை போட்டேன். ஆனால் அந்தச் சமையல்காரர் என்னிடம் வாதத்துக்கு வரவில்லையே, ஒரு கேள்விதானே கேட்டார். நான் சொன்னது பொய். தோலை எடுத்துவிட்டு வேறு எதையாவது வைத்தால் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். மறுநாள் கழற்றினால் அது போண்டா மாதிரி உப்பியிருந்தது, மேலெல்லாம் கொப்புளம். ரப்பர் காஸைக் குடித்திருக்கிறது! கொஞ்ச நேரம் வெளியே வைத்ததும் ஏப்பம் விட்டதுபோல் பழையபடி சுருங்கிவிட்டது. அந்த வேடிக்கையைப் பார்ப்பதற்காகவே இன்னும் இரண்டு தடவை செய்தேன். பிறகு உடைந்த பிளாஸ்டிக் வாளி. முதல் நாள் சமர்த்தாக இருந்தது. இரண்டாம் நாள் ஸ்பானரின் இறுக்கத்தில் நசுங்கிப் பரவி, ஓரத்தில் காஸ் சீறியது. பிளாஸ்டிக் செருப்பின் துண்டு மெத்தென்று நன்றாகப் பிடித்தது. ஆனால் ஓயாமல் சோடா போடும்போது ரெகுலேட்டர் மேல் வெள்ளையாகப் பனி படியும். அந்தக் குளிரில் அது விறைத்து விரிசல் விட்டுவிட்டது. மெத்தென்றும் இருக்க வேண்டும், நசுங்கவும் கூடாது, குளிருக்கும் அஞ்சக் கூடாது. மருமகள் தேடுகிறவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு முறை தோற்கும்போதும் வியாபாரம் நிற்காமலிருக்கச் செருப்பு வாரையே திரும்ப மாட்டினோம். சோதனை ருசியில் பொய் மறந்துவிடும். மாலையில் அவர் வந்து பாட்டிலுக்குக் கை நீட்டும்போது ஞாபகம் வரும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கடைசியில் பட்டு முறுக்கும் ஆலையில் தேய்ந்துபோன பல்சக்கரம் ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். பால் வெள்ளை நிறம். "நைலானு. எண்ணெ இல்லாமலே ஓடிக்கினு இருந்துது," என்றார் ஆலைக்காரர். கடைசல் பட்டறையில் கொடுத்து வளையமாக்கி வாங்கி வந்தேன். மாட்டி இறுக்கி, சுற்றிலும் சோப்பு நுரை தடவினேன். ஒரு குமிழி இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழித்துக் கழற்றினால், பித்தளை பதிந்த மெல்லிய கோடு மட்டும் இருந்தது. சந்தோஷத்தில் நான் கூவியது பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் தாண்டியிருக்கும்.

"இப்பதான் தோலு இல்லியே, உட்டுத் தள்ளு," என்றார் கணவர். என்னால் முடியவில்லை. போன வாரம்வரை அந்தச் சமையல்காரர் குடித்தாரே, அதை எந்த நைலான் மாற்றும்? அன்று மாலை, அவர் பாதி பாட்டில் குடித்திருக்கும்போது சொன்னேன்.

"சாமி, நீங்க கேட்ட அன்னிக்கு உள்ள தோலு இருந்துது. செருப்பு வாரு. நான் பொய் சொல்லிட்டேன். இப்பதான் மாத்தினேன்."

பாட்டிலைச் சத்தமில்லாமல் பலகை மேல் வைத்தார்.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் தெருவிலிருந்து வழக்கம்போல் சோடா கேட்டு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. அவர் வாய் திறக்காததுதான் என்னைச் சுட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "கழட்டிக் காமி," என்றார். சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எதுலேர்ந்து பண்றா?"

'மாடு கீடு எதுவும் இல்ல சாமி' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியல சாமி. நைலான்னு பேரு. அவ்ளோதான் தெரியும்." நிறுத்தியிருக்கலாம். "இன்னொண்ணும் இருக்குது சாமி. எவ்ளோ கெட்டின்னு பாக்க, அந்தச் சக்கரத்தைப் பல்லால கடிச்சேன். அப்புறம் கழுவிட்டேன்."

வளையம் சட்டென்று என் கைக்குத் திரும்பி வந்தது.

"இதை யாரு கேட்டா உன்னை?"

"யாரும் கேக்கல சாமி."

என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சரி, மாட்டு. ஒரு சோடா உடை."

மாட்டினேன், சோடா போட்டேன், உடைத்துக் கொடுத்தேன். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். இந்த முறை நான் திரும்பிக்கொள்ளவில்லை.