எடை மட்டும் சரியாக இருந்தது

போன மாசம் எங்கள் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விடும் பிள்ளை மடுவத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். டவுனிலிருந்து வந்த ஒரு மிஸ், எங்களை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். மனசுக்கு நல்லதாம். பகல் முழுக்க மலையில் மூச்சு வாங்க ஏறி இறங்கிவிட்டு வந்த பொம்பளைகளுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார்.

பக்கத்தில் இருந்தவள் என் காதில், "இன்னிக்கு விட வேண்டியதையெல்லாம் மலையிலேயே விட்டுட்டேன்டி, இனி நாளைக்குத்தான்" என்றாள். சிரித்தோம். என் தங்கச்சி சிரிக்கவில்லை. கண்ணை மூடச் சொன்னபோது மூடியவள், திறக்கச் சொன்ன பிறகும் திறக்கவில்லை. அந்த மிஸ்ஸுக்கு ரொம்பச் சந்தோஷம். "பாருங்க, இந்த அக்கா எவ்வளவு அமைதியா செய்றாங்க" என்றார்.

அமைதியாம். அவள் அப்படித்தான் ஒரு வருஷத்துக்கு மேலாக இருக்கிறாள்.

எங்களுடையது டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நானும் அவளும் ஒரே லயத்து வீட்டு வரிசை, மலையில் கொழுந்து பறிப்பதும் அடுத்தடுத்த நிரை. அவள் புருஷன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் கேரட்டும் போடுகிறான். அவள் பகலில் கொழுந்து பறிப்பாள், பின்னேரம் போய் அங்கே புல் பிடுங்குவாள். தேயிலையை மட்டும் நம்பியும் வாழ முடியாது, மரக்கறியை மட்டும் நம்பியும் வாழ முடியாது. அதனால் இரண்டிலும் சாகிறோம்.

உரம் பசளை எதுவும் கிடைக்காமல், போன வருஷம் அவர்களுடைய லீக்ஸ் விரல் தடிப்புக்குக்கூட வரவில்லை. அவன் கத்தினான், குடித்தான், பிறகு மறுபடி பாத்தி கட்டினான். அவள் கத்தவில்லை. அதனால்தான் இப்படி ஆனாள் என்று நான் சொல்ல மாட்டேன். எதனால், எதனால் என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. காய்ச்சல்காரியிடம் யாரும் காரணம் கேட்டு, பதில் பிடிக்கவில்லையென்றால் உனக்குக் காய்ச்சலே இல்லை என்று சொல்வதில்லை.

நான் முதலில் கண்டது மலையில்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் தேயிலைச் செடிமேல் கையை வைத்தபடி நின்றாள். விரல் அசையவில்லை. காலில் அட்டை ஏறி இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அட்ட கடிக்குது புள்ள."

"ம்."

குனிந்து எடுக்கவில்லை. நான்தான் போய்ப் பிடுங்கி எறிந்தேன்.

"என்னா, மலைய காவல் காக்குறியா?" என்று மேல் நிரையிலிருந்து ஒருத்தி கேலி பண்ணினாள். கேலி பண்ணிக்கொண்டே இறங்கி வந்து, தன் பையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி இவள் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

இது எங்கள் கேங்கில் உள்ள வழக்கம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலோ, வயிற்றில் பிள்ளை என்றாலோ, அக்கம்பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்குக் கொஞ்சம் அவள் பையில் போட்டுவிடுவோம். சொன்ன எடை இல்லாவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள், அரைநாள் வேலைதான் கணக்கு. அதற்காகத்தான் இந்த வழக்கம். யாரும் கேட்பதும் இல்லை, பிறகு பேசுவதும் இல்லை. கங்காணிக்குத் தெரிந்தால் போட்டவளுக்கும் வசவு, வாங்கினவளுக்கும் வசவு.

காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும். பிள்ளை ஒருநாள் பிறந்துவிடும். இவளுக்கு வந்தது விடவில்லை. நாங்களும் போட்டுக்கொண்டே இருந்தோம். மழைக்காலம் போய், பனி வந்து, பனியும் போனது. ஒவ்வொரு பின்னேரமும் கொழுந்து மடுவத்தில் அவள் பையைத் தராசில் மாட்டினால் எடை சரியாக இருந்தது. முழுப் பேர்.

அவள் புருஷனிடம் போய்ப் பேசினேன். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, அவ நல்லா இல்ல. டவுன் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும்."

"என்னாக்கா நல்லா இல்ல? தெனம் முழுப் பேரு போடுறா. மேலுக்கு முடியாதவ எப்பிடி போடுவா? இங்க வரத்தான் அவளுக்கு ஒடம்பு வளையல."

"அது அவ பறிக்கிறதில்ல. நாங்க போடுறது."

அவன் சிரித்தான். "யாரு, ஒங்க கேங்கா? பைப்படியில ஒரு வாளித் தண்ணிக்கு மண்டைய ஒடைச்சிக்கிறவளுக. அவளுகளா தெனம் கொழுந்து அள்ளிக் குடுக்குறாளுக? போங்கக்கா."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. தண்ணிக்கு நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள்தான். கொழுந்தும் போடுகிறோம். இரண்டும் உண்மை.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டொக்டர் ஐயா அவளைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற கங்காணியைப் பார்த்தார். "வேலைக்கு வர்றதா இது?" "தவறாம வருதுங்க ஐயா, முழுப் பேருங்க." விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பினார். கங்காணி முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் கேங் மொத்தமும் மாட்டியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் நோயை மறைத்தது அவளில்லை. நாங்கள்.

அடுத்த நாள் மலைக்கு ஏறும்போது எல்லோரிடமும் சொன்னேன். "இன்னிக்கு ஒருத்தியும் அவ பையில போடக் கூடாது."

"பாவம்டி."

"பாவம் பாத்து பாத்துத்தான் யாரு கண்ணுக்கும் தெரியாம பண்ணி வச்சிருக்கோம். தராசுல தெரியட்டும். அப்பவாவது என்னான்னு கேப்பாங்க."

யாரும் போடவில்லை. பின்னேரம் அவள் பையைத் தராசில் மாட்டினார்கள். முள் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

கங்காணி பைக்குள் எட்டிப் பார்த்தார். "என்னா புள்ள இது, ஆட்டுக்கா பறிச்ச?"

அடுத்த கேங் பொம்பளைகள் சிரித்தார்கள். அவள் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். உனக்கு என்ன செய்கிறது என்று அவர் கேட்பார், டிஸ்பென்சரிக்கு ஒரு துண்டு எழுதித் தருவார் என்று நான் காத்திருந்தேன்.

"நேத்து வரைக்கும் போட்டவளுக்கு இன்னிக்கு என்னா வந்துச்சு? திமிரு. அரைப் பேரு போடுங்க" என்றார்.

அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எடை குறைந்தால் அது நோயில்லை, திமிர். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், நானும் இந்த மடுவத்தில்தான் வளர்ந்தேன்.

லயத்துக்கு நடக்கும்போது அவள் என்னிடம் பேசினாள். பல மாசத்துக்குப் பிறகு அவளாக வாயைத் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

"ஏங்க்கா, நான் என்னா செஞ்சேன்? ஏன் எல்லாரும் என்னைய விட்டுட்டீங்க?"

மறுநாள் காலையில் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகவே அவள் பையில் போட்டார்கள். நானும் போட்டேன்.

பிறகு அவள் புருஷனோடு சண்டை பிடித்து, நானே அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கிளினிக்கில் இருந்தவர் இளம் டொக்டர், நல்ல மனுஷன். தமிழ் தெரியாது. ஒரு ஆஸ்பத்திரி ஊழியர் நடுவில் நின்று தமிழில் மாற்றிச் சொன்னார். டொக்டர், சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டுவிட்டு, வேலைக்குப் போகிறாயா என்று கேட்டார்.

"போறேன்" என்றாள். "முழுப் பேரு."

டொக்டர் முகம் தெளிந்தது. முழு நாளும் வேலை செய்தால் நல்ல விஷயம் என்று சிங்களத்தில் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இல்லை மாத்தையா, வேலை செய்வது இவளில்லை, நாங்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஊழியரிடம், கொழுந்தை அள்ளி அவள் பையில் போடுவதைக் கையால் செய்து காட்டி விளக்கினேன். "கொழுந்துக் கதையெல்லாம் எதுக்கும்மா, வியாதிய சொல்லுங்க" என்றார் அவர். வெளியே வரிசை நீண்டிருந்தது. அவரையும் நான் என்ன சொல்ல?

குளிசை கொடுத்தார்கள். ஆரம்பத்தில் தூக்கமாக இருக்கும், போகப் போகச் சரியாகும், நிறுத்தக் கூடாது, மாசாமாசம் வர வேண்டும் என்றார்கள். எல்லாம் சரியான பேச்சுத்தான். காலையில் எழும்பி செங்குத்தான மலையில், ஈரத்தில் ஏறாத ஆளுக்குச் சொல்ல வேண்டிய பேச்சு. அந்த வாரமே அவள் வழுக்கி உருண்டாள். ஒரு தேயிலைச் செடி தடுத்திராவிட்டால் கீழே வடிகானுக்குள் போயிருப்பாள். "விழுற ஆள மலைக்கு கொண்டாராதீங்க, யாரு பதில் சொல்றது?" என்றார் கங்காணி. வீட்டில் அவள் புருஷன் குளிசையைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

"முன்னாடி நிக்கவாவது நின்னா. இப்ப அதுவும் இல்ல" என்றான்.

அவனுக்குத் தெரியாமல் மிச்சத்தை நான் எடுத்து வந்து, என் காம்பராவில் வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். தெரிந்ததும் வந்து வாசலில் நின்று கத்தினான். "அவ்ளோ அக்கறன்னா ஒங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க." என்னுடையது ஒரே அறை. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், நான். எங்கே படுக்க வைப்பது? அவனும் நன்றாக இருக்கிறான் என்று நான் நினைக்கவில்லை. பாத்தி ஓரத்தில் அவன் உட்கார்ந்திருப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். கையில் மண்வெட்டி இருக்கும், வெட்ட மாட்டான். அவனுக்குக் கொழுந்து போட ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த கிளினிக் நாள் வந்தது, போனது.

அதற்குப் பிறகுதான் அந்த மிஸ் வந்து மூச்சு விடச் சொன்னார். கடைசியில், "பக்கத்துல யாராவது சோர்ந்து போயிருந்தா, அவங்களுக்குத் துணையா இருங்க, அதுவே பெரிய மருந்து" என்றார்.

நான் எழுந்தேன். "துணையாத்தான் மிஸ் இருக்கோம். ஒரு வருஷமா இருக்கோம். அதனாலதான் இவளுக்கு ஒண்ணுமில்லன்னு எல்லாரும் சொல்றாங்க."

மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொம்ப நல்ல கருத்து" என்று கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். என் தங்கச்சி அந்தச் சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தாள். கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து வெளியே போய்விட்டாள். வாசலில் செருப்பைக்கூடப் போடவில்லை. நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

இன்றைக்கும் மழை. அவள் அதே மாதிரி, செடிமேல் கையை வைத்தபடி நின்றாள். மேல் நிரைக்காரி இறங்கி வந்து போட்டாள். நான் போட்டேன். போடாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன், போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இந்த மலைக்கு ஏறி வருவதில்லை.

பின்னேரம் கங்காணி அவள் பையைத் தராசில் மாட்டினார். முள்ளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இப்பிடி இருக்கணும் புள்ள" என்றார். "முழுப் பேரு."